தட்டில் இரண்டு கண்கள்

புனித லூசியாவின் திருநாள் டிசம்பர் பதின்மூன்று. அந்த ஆண்டு அது வாரநாளில் வந்தது. அதனால் அடுத்த ஞாயிறு கொண்டாடுவது, அதற்கு முந்தைய ஞாயிறே மறைக்கல்வி வகுப்பில் அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். திருத்தணியில் எங்கள் கோயில் சிறியது. மற்ற நாட்களில் எனக்கு அரக்கோணத்தில் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வேன்.

அவர்களில் ஒருத்தி பொதட்டூர்பேட்டையிலிருந்து அப்பாவோடு பஸ்ஸில் வருவாள். வயது பத்து. அம்மா எங்கள் சபையைச் சேர்ந்தவர். கைக்குழந்தை இருந்ததால் வருவதில்லை. அப்பா விசைத்தறி ஓட்டுபவர், மலை முருகனைக் கும்பிடுகிறவர். வகுப்பு முடியும்வரை வெளியே நிற்பார். அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும்; பக்கங்களில் இருட்டு. பொழுது சாய்ந்தால் நேரே இருப்பதும் தெரியாது. விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாக்கி வைத்திருந்தார்கள். அவள் காதுக்கு நேராக விரல்களை நீட்டி, "எத்தினி, சொல்லு?" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வாள்.

அவளை நினைத்துத்தான் பாடத்தை ஒழுங்கு செய்திருந்தேன். ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களுக்கு ரொட்டி கொண்டுபோனவர், இரண்டு கையும் வேண்டுமென்று மெழுகுவர்த்தியைத் தலையில் சூடிக்கொண்டவர், விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர். அதோடு நிறுத்திக்கொள்வது என்றிருந்தேன். அவருடைய கண்களைப் பிடுங்கிய கதை பழைய பதிவுகளில் இல்லை, பிற்காலத்தில் சேர்ந்தது. ஆனால் எனக்குக் கிடைத்த ஒரே படத்தில் அவர் கையில் தட்டு இருந்தது, தட்டில் இரண்டு கண்கள் இருந்தன.

"இன்னா சார் இது, தட்டுல கண்ண வெச்சிகினு நிக்கிறாங்க?" என்றான் ஒரு பையன்.

"கண்மலருடா," என்றாள் இட்லிக்கடைக்காரர் மகள். "மலை மேல உண்டியல்ல போட்றாங்கல்ல, தகடு, அது. இவங்களும் வேண்டிக்கினு போடப் போறாங்க."

வேண்டுதல் இல்லை, அவை அவருடைய சொந்தக் கண்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பொதட்டூர்பேட்டைப் பெண் எழுந்து வந்து படத்தோடு முகத்தை ஒட்டிவைத்து, கீழிருந்து மேலாக நகர்ந்தாள்.

"தட்டுல இருக்குது. மூஞ்சிலயும் இருக்குதே சார்?"

"ரெண்டு ஜோடி வெச்சிருப்பாங்க, ஒண்ணு ஊருக்குப் போறப்ப," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்வையால் தேடிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆண்டவர் அவருக்குப் புதுக் கண்கள் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு என்றேன். வெளியே போனதும் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "நைனா, அந்தம்மாவுக்குத் திரும்பக் குட்த்துட்டாராம்."

அடுத்த ஞாயிறு அவள் அப்பா முதல் முறையாக உள்ளே வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். மலையடிவாரக் கடையில் வாங்கிய கண்மலர்.

"மலையில ஒரு ஜோடி போட்டாச்சு சார். இந்தம்மாவுக்குக் கண்ணு போன கஷ்டம் தெரியும்ல, அதான்."

எங்களிடம் அந்த வழக்கம் இல்லை. அதை அவரிடம் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். ஒரு சிறு தட்டில் வைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன். படத்தில் ஒரு தட்டு, படத்துக்கு முன்னால் ஒரு தட்டு.

"எத்தினி நாளாவும் சார்?"

"தெரியாதுங்க."

"முழுசா போறதுக்கு எத்தினி நாளாவும்னு டாக்டராண்ட கேட்டேன். அவரும் தெரியாதுன்னுதான் சொன்னாரு," என்று சிரித்தார்.

பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அவள் தன்னுடையதை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். முடி கருகிவிடும் என்று நான்தான் கையைத் தாழ்த்திவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு பிள்ளைகள் எனக்கு முன்பே வந்து அவளைச் சூழ்ந்திருந்தார்கள். இந்த முறை விளையாட்டு இல்லை. இட்லிக்கடைக்காரர் மகள் அவள் காதுக்கு நேராக இரண்டு விரலை நீட்டினாள்.

"எத்தினி, சொல்லு?"

அவள் நேரே பார்த்தபடி கொஞ்சம் யோசித்தாள். "மூணு."

இட்லிக்கடைக்காரர் மகள் சட்டென்று இன்னொரு விரலை நிமிர்த்தினாள். "கரெக்ட்டு," என்றாள். மற்றவர்கள் அந்த விரலைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, "ஆமா, மூணு" என்றார்கள்.

அவள் முகம் மலர்ந்தது. "நைனா, மூணு," என்று வாசல் பக்கம் திரும்பினாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியவில்லை.

"ஆங், பாத்தேன்," என்றார். என்னைப் பார்க்காமல் குனிந்து செருப்பை மாட்டினார். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. "வாம்மா. பஸ்ஸு போய்டும்."