விழுப்புரத்தில் பல் வலி

எங்கள் திண்டிவனத்தில் யாருக்கும் மனசு கெட்டுப் போனதே கிடையாது. எண்பதுகளில் அப்படி ஒரு வியாதியே ஊருக்குள் நுழையவில்லை. பித்தம் உண்டு, உடம்புச் சூடு உண்டு, காத்துக் கருப்பு உண்டு, செய்வினை தாராளமாகவே உண்டு. மனசுக்கு மட்டும் ஒன்றும் வராது. தப்பித் தவறி வந்துவிட்டால் அது விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போய்விடும்.

நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் டீச்சர். இரண்டாவதாகப் பிறந்த பெண் குழந்தை மறுநாளே போய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் தங்கமான மனுஷர்கள். "பையன் ஒருத்தன் கீறான் இல்ல, அப்பறம் இன்னா?" என்றாள் ஒருத்தி. "பொட்டப் புள்ளதானே, ஒரு கல்யாணச் செலவு மிச்சம்" என்றாள் இன்னொருத்தி. இவ்வளவு ஆறுதலுக்குப் பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வகுப்பில் ஆஜர் எடுக்கும்போது ஒரு பெண்ணின் பெயர் வந்ததும் குரல் நின்றுவிடும். ஏன் அந்தப் பெயரில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் வேப்பிலை அடித்தார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். எனக்குத் தூக்கம் வர வேண்டும் என்று என் கணவர் மயிலம் கோவிலில் மொட்டை போட்டுக்கொண்டார். அன்று முதல் அவர் நன்றாகத் தூங்கினார்.

பிரசவம் பார்த்த டாக்டரம்மாதான் வழி சொன்னார். சனிக்கிழமைகளில் மெட்ராஸிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு மனநல டாக்டர் வருகிறார், ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை, பேசிவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றார்.

இது அம்மா காதில் விழுந்தது. "தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம். அக்காக்காரி பைத்தியக்கார டாக்டராண்ட போறான்னா எவன்டி பொண்ணு எடுப்பான்? கல்யாணம் முடியட்டும், அப்பறம் எங்கனா போ."

அதாவது, முகூர்த்தம் வரை பைத்தியம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். தாலி ஏறியதும் சௌகரியம்போல் பிடித்துக்கொள்ளலாம். சிரிப்பாக இருந்தாலும் எனக்கும் உள்ளூர பயம்தான். ஜாதகம் சரியில்லை என்று தங்கைக்கு வந்த வரன்கள் தட்டிப் போய்க்கொண்டிருந்தன. அடுத்தது என்னால் தட்டிப் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நல்ல வேளையாக விழுப்புரத்தில் ஒரே கட்டடத்தில் மனநல டாக்டர் மாடியில், பல் டாக்டர் கீழே. அதனால் எனக்குப் பல் வலி வந்தது.

மாடி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தால் பாதித் திண்டிவனம் அங்கே இருந்தது. எனக்குக் கத்திரிக்காய் நிறுத்துப் போடுகிற கடைக்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். நானும் அதையே படித்தேன். பார்த்தும் பார்க்காமல் இருப்பது அங்கே மரியாதை. விழுப்புரத்துக்காரர்கள் யாரையும் காணோமே என்று கம்பவுண்டரைக் கேட்டேன். "அவங்கல்லாம் பாண்டிக்குப் போறாங்கம்மா" என்றார்.

டாக்டர் "சொல்லுங்க" என்றார். சொன்னேன். "பையன் இருக்கிறானே" என்று அவர் நடுவில் சொல்லவில்லை, பரிகாரம் சொல்லவில்லை, கடைசி வரை கேட்டார். அந்த வருஷத்தில் நான் சொன்னதை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல புத்தகம் படித்தால் மனசு தேறும் என்று ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை பெஞ்சில் அதைப் பிரித்தேன். பக்கத்தில் அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மாள், மயிலம் பக்கத்துக் கிராமம், மடியில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. என் வேலையை விசாரித்துவிட்டு, "எனக்குப் படிப்பு இல்ல டீச்சரம்மா, சத்தமாப் படி" என்றாள். படித்தேன். தினமும் மாலையில் கடற்கரையில் உலாவும்படி புத்தகம் சொன்னது.

"எங்க ஊர்ல ஏரிக்கரதான் கீது. சாயங்காலத்துல அங்க எதுக்குப் போவாங்கன்னு இந்த ஆளுக்குத் தெரியுமா?" என்றாள். காலண்டர் படித்துக்கொண்டிருந்த கடைக்காரர் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

காலையில் கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்துப் புன்னகை செய்ய வேண்டுமாம். "அத்தப் பாத்துட்டுத்தான் என்ன இங்க இட்டுக்கினு வந்தாங்க" என்றாள். அதற்கடுத்த பக்கத்தில், நடந்ததை மறந்து புது வாழ்க்கையைத் தொடங்குங்கள் என்று இருந்தது. அவள் சிரிக்கவில்லை. மல்லாட்டை உரிப்பதை நிறுத்தினாள்.

"இத்த எழுதனவனுக்குப் புள்ள செத்திருக்காதும்மா. எனக்கு ஒண்ணு கெணத்துல வுழுந்து போச்சு. இன்னும் அந்தத் தண்ணியக் குடிக்க முடியல."

நான் புத்தகத்தை மூடினேன். அந்த பெஞ்சில், அத்தனை பேருக்கு நடுவில், ஓவென்று அழுதேன். யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அவள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி தூங்கினேன்.

சில வாரம் கழித்துத் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் காராசேவுத் தட்டை ஜன்னலிலேயே வைத்துவிட்டேன். பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளேதான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

பஜ்ஜி, காபி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க குடும்பத்துல யாருக்கனா வலிப்பு, சித்தப் பிரமை, அந்த மாதிரி?"

அம்மா அவசரமாகக் காபி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். கதவுக்குப் பின்னால் தங்கை நிற்பது தெரிந்தது. என்னைப் பற்றிச் சொல்ல மாப்பிள்ளை வீட்டில் ஆதாரம் உள்ள ஒரே ஆள் எதிரில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த நான் எப்பவோ விசாரிச்சாச்சு" என்றாள் தம்பியிடம். "பொண்ணோட அக்காவ எனக்கு நல்லாத் தெரியும். பல்லு டாக்டராண்ட பாத்துக்கீறேன். தங்கமான குடும்பம். சும்மா பேஜாரு பண்ணாம தட்ட மாத்துற வேலயப் பாரு."

அடுத்த சனிக்கிழமை கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறியவள் நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே பல்லு வலி வாணாம் டீச்சரம்மா. என் வாய்ல இன்னும் எத்தினி பல்லு பாக்கின்னு எங்க ஊர்ல கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. சம்பந்தியோட போறேன்னா எவன் கேப்பான்?"

"அதுக்குத்தான் என் தங்கச்சியப் புடிச்சிதுங்களா?"

"பின்ன? பொண்ணு எங்கனா கெடைக்கும். இதுக்குக் கூட வர ஆளு கெடைக்குமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும், "கொழந்தைக்குப் பேர் வெச்சியா?" என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. மனசுக்குள் வைத்திருந்த பெயரைச் சொன்னேன்.

திங்கட்கிழமை ஆஜர் எடுக்கும்போது அதே பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். மூன்றாவது வரிசையில் இருந்தவள் எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.