புருவ மத்தி

அவள் புருஷனை விட்டுக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. லாண்டரிக்கு விடுமுறை நாள். ஒரு கையில் பெட்டி. வெயிலே இல்லாத காலையில் முகத்தில் கறுப்புக் கண்ணாடி. வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் எந்தக் கண்ணுல கோளாறு? சரியாச் சொல்லுங்க, பெட்டியை உள்ள வெச்சுடறேன்."

பாதி சவரம் செய்த முகத்தோடு அவன் அவளை உற்றுப் பார்த்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, மெல்ல ஆட்டி, கனிவாக. அவளுக்கு வயிற்றைப் புரட்டியது.

வயிறு அப்படிச் சட்டென்று புரளுகிற பெண் இல்லை அவள். லாண்டரியில் கறை எடுப்பதுதான் வேலை. முதலாளியம்மா வைத்த பெயரே கறைக்காரி. "ஏய் கறைக்காரி, இந்தக் காலரைப் பாரு. போட்டவன் மனுஷனா, வறுக்கிற சட்டியா?" என்று அந்தம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் போடுவதை இவள் வெறுங்கையால் எடுத்து விளக்கடியில் விரிப்பாள். ஊரார் வியர்வை, எச்சில், வாந்தி, எல்லாம் அவளுக்குத் துணியில் படிந்த ஒரு நிறம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளுக்கு, வீட்டில் ஒருவன் அன்பாகப் பார்த்தால் குமட்டிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும் அவள் விழுந்ததே அவன் பார்வைக்குத்தான். கோட்டு ஒன்றை வெளுக்கப் போட வந்தவன், கவுன்டர் மணியைப் பார்த்தே பேசி முடித்தான். ரசீதை வாங்கும்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்தான். கண்ணும் கண்ணும் பட்டதும் காது வரை சிவந்து, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையே மறந்து முட்டிக்கொண்டான்.

கல்யாணத்துக்குப் பிறகு மெத்தைக் கடையில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தான். அங்கே பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். அன்று அவன் வீட்டுக்கு வந்தது குதித்துக்கொண்டு.

"கண்ணையே பாக்க வேண்டாமாம்! ரெண்டு புருவத்துக்கும் நடுவுல பாத்தாப் போதும். எதிர்ல இருக்கறவங்களுக்குக் கண்ணைப் பாக்கற மாதிரியே இருக்கும், நமக்குக் கூச்சமும் வராது."

"நல்ல ஏமாத்து வேலையா இருக்கே," என்று சிரித்தாள். அப்போது சிரிக்கத்தான் தோன்றியது.

மெத்தைகள் பறந்தன. இப்படி அக்கறையாக யாரும் எங்கள் முதுகுவலியைக் கேட்டதில்லை என்று கிழவர்கள் உருகினார்கள். கடையில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டியதை அவன் வீட்டுக்கும் போட்டுக்கொண்டு வந்தான். உப்பு தீர்ந்துவிட்டது என்றால்கூட நெற்றியில் பார்வையை ஒட்டவைத்து, "புரியுது. உன் இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்பான். உப்பு மட்டும் வராது.

ஒரு நாள் லாண்டரியில் கறை எடுக்கிற திராவகம் தெறித்து அவள் வலக்கண்ணில் விழுந்தது. கழுவக் கழுவ எரிச்சல் அடங்கவில்லை. மறுநாள் இமை வீங்கி, ஓரத்தில் சீழ் கட்டி, விழி ரத்தக் கட்டியாக ஆகிவிட்டது. மாடிப்படியில் எதிரே வந்த அவள் அக்கா, பாதிப் படியிலேயே அலறினாள்.

"என்னடி இது, கண்ணா புண்ணா? உன் வீட்டுக்காரர் பாக்கலையா?"

"பாத்துக்கிட்டேதான் இருக்காரு."

அன்று சாயங்காலம் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

"ஏங்க, என் கண்ணுல என்ன இருக்கு, சொல்லுங்க."

அவன் பார்த்தான். வழக்கம்போல ஆழமாக. பிறகு அந்த மெத்தைக் கடைச் சிரிப்பைச் சிரித்தான்.

"நான்தான் இருக்கேன்."

சீழுக்கு நடுவிலா? அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, முகத்தை அல்ல, அவன் மூச்சுப் பட்ட நெற்றியைத் தேய்த்துக் கழுவினாள். இரவே பெட்டியில் துணியை அடுக்கினாள். ஆனாலும் பழைய கோட்டுக்காரன் எங்காவது மிச்சம் இருப்பான் என்று ஒரு நப்பாசை. அதனால்தான் வாசலில் அந்தக் கேள்வி.

"இடது," என்றான், துளித் தயக்கம் இல்லாமல், உத்தரவாதம் தருகிற குரலில்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இப்போதாவது பார்க்கட்டும் என்று நின்றாள். அவன் பார்வை வந்து, பழகிய மாடு தொழுவத்துக்குப் போவதுபோல், நேரே புருவ மத்தியில் போய் நின்றது.

"புரியுது," என்றான்.

அவள் படியிறங்கி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணாஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துக் கண்ணுக்குள் பார்த்தபோது, அவளுக்கு ஏனோ அழுகை வந்தது. "வலிக்குதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். கண் ஆறியது, கருவிழி ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தங்கிவிட்டது. அதை லாண்டரிக்கு வருகிறவர்கள்கூடக் கவனித்து விசாரித்தார்கள்.

மழை போய், வெயில் போய், மறுபடி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம். யாரோ ஒருவனின் அழுக்குக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அவன்தான். இத்தனை மாதம் யோசித்து அனுப்பியிருந்தான்:

"அப்போ வலதுதானே?"