கதவுச் சீட்டு

செருப்புக் கடை நானாவும் நானும் போனில் சீட்டு விளையாடியதெல்லாம் மத்தியானத்தில்தான். திகன சந்தியில் அந்த நேரம் ஆட்டோவுக்கும் ஆள் வராது, செருப்புக்கும் ஆள் வராது. அவர் கடை வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். நான் எதிரே நிறுத்திய என் ஆட்டோவின் பின்பக்கம் காலை நீட்டிக் கிடப்பேன். நடுவில் ஒரு சாக்கடைக் கான் மட்டும்தான். முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே போனுக்குள் ஒருவர் கோட்டையை மற்றவர் உடைப்போம். வெட்டி வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை.

கையில் ஐந்து சீட்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பெரும்பாலான சீட்டுகள் எப்போது இறக்கினாலும் ஏதோ ஒரு வேலை செய்யும். சில அப்படியல்ல, அவற்றுக்கென்று ஒரு தருணம் உண்டு. தாழ்ப்பாள் போட்ட பெரிய கதவுப் படத்தோடு ஒரு சீட்டு இருந்தது. நானா அதைக் கதவு என்றே சொல்வார். எதிராளி முழுப் படையோடு அடிக்க வரும்போது கதவு கீழே கிடந்தால் அடி மொத்தமும் அவனுக்கே திரும்பும். ஆனால் அடி வருவதற்கு முந்தைய முறையிலேயே அதைப் போட்டிருக்க வேண்டும். அடி தொடங்கிவிட்டால் அது வெறும் படம். போட்ட பிறகு அடி வராவிட்டாலும் வீண்தான். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

நானாவுக்குக் கதவு வந்தால் விடமாட்டார்.

"போடுங்களேன் நானா, கையில வச்சு பூசையா பண்ணப் போறீங்க?"

"பொறுங்க தம்பி. இன்னம் டைம் வரல்ல. வீணாக்கப்படாது."

ஆட்டம் முடிந்ததும் போன் இரண்டு பேர் கையையும் திறந்து காட்டும். தோற்ற நானாவின் கையில் கதவு அப்படியே இருக்கும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். என் வழக்கம் நேர்மாறு. கொஞ்சம் சந்தேகம் தட்டினாலும் போட்டுவிடுவேன். பயந்தாங்கொள்ளி என்பார். ஆமாம், பயந்தாங்கொள்ளிதான். அந்தப் புத்தி எனக்கு அவர் வீட்டிலிருந்தே வந்தது.

தமிழரைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்று கலவரத்தில் நான் இடுப்புப் பிள்ளை. பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு சாமான் வாங்க வந்திருந்தாள். தூரத்தில்தான் சத்தம் கேட்டதாம், இந்தப் பக்கம் புகைகூட இல்லையாம். நானாவின் அக்கா அப்போது குமர்ப்பிள்ளை. கடையிலிருந்து இறங்கி வந்து அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். எச்சில் தொட்டு அம்மாவின் பொட்டை அழித்து, தன் முக்காட்டை எடுத்து அவள் தலையில் போட்டிருக்கிறார். கும்பல் வந்து கடைக்குள் எட்டிப் பார்த்தபோது அம்மா அந்த வீட்டுப் பெண்களோடு குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ள கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னு இருந்திருந்தா நீயும் இல்ல, நானும் இல்ல" என்று சாகும்வரை சொன்னாள்.

அண்ணன் நானா என்றால் அக்கா லாத்தா; அந்தப் பிள்ளைதான் எனக்கு லாத்தா. பிறகு வயதாகி, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, கடைக்கு மேல் மாடியில் கட்டிலோடு கிடந்தார். உடம்பு விழுந்ததே தவிர வாய் விழவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் வராது என்று எல்லோரும் சொன்ன காலம். எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு ஊருக்கு ஊர் முஸ்லிம் கடைகளைப் பற்றிக் கண்ட கண்ட கதை போனில் சுற்றத் தொடங்கியது. ஒருநாள் என் மனைவியின் சேலை ஒன்றையும் ஒரு பொட்டு அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினேன். என் ஆட்டோவின் முன்கண்ணாடியில் பெரிய முருகன் படம் இருக்கிறது, சேலை கட்டிப் பொட்டு வைத்துப் பின்னால் நடுவில் உட்கார்ந்தால் எவனும் மறிக்கமாட்டான், பன்வில போய் என் வீட்டில் இருக்கலாம் என்றேன்.

லாத்தா பையைத் திறந்து பார்த்தார். "ஒன்ட அம்மாட பொட்ட நான் அழிச்சன். இப்ப நீ எனக்கு வெக்கப் போறியா? வெச்சிட்டுப் போ மகன். அல்லாஹ்வுக்கு ஆள் தெரியும்."

அவர் தயார். தம்பிக்காரரான நானாதான் தயாரில்லை. "லாத்தாவ எறக்கிறது லேசா? ஒங்கள ஒருக்காத்தான் கூப்பிட ஏலும் தம்பி. சும்மா ஒரு சத்தத்துக்குக் கூப்பிட்டா ஊரே கண்டுக்கிடும். அடுத்த மொற நெசமா வரக்குள்ள ஒங்கட ஆட்டோவையும் நிப்பாட்டுவானுகள்." அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று எப்படிச் சொல்வது?

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்தே சந்தியில் முன்பின் தெரியாத ஆட்கள் நின்றார்கள். கடைகள் பாதிக் கதவு சாத்தியிருந்தன. மத்தியானம் பழக்க தோஷத்தில் ஆட்டத்தைத் திறந்தோம். எனக்கு விரல் ஓடவில்லை. போனை வைத்துவிட்டுக் கானைத் தாண்டிப் போனேன்.

"நானா, எழும்புங்க. போயிரலாம்."

"பொலிஸ் நிக்கிது. ஊரடங்கும் போடப் போறாங்களாம். பொறுங்க, பாப்பம்."

"உங்க பொறுமையில இடி விழ!"

கத்தியது மாடிக்குக் கேட்டிருக்கிறது. லாத்தாவின் சிரிப்பு படியிறங்கி வந்தது. "அவனுக்குச் செல்லி வேலையில்ல மகன். சின்னதுலயும் மழ விட்டதுக்குப் பொறகுதான் கொடைய விரிப்பான்."

பள்ளிக்கூடத்திலிருந்து என் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். போனேன். அவர்களை வீட்டில் இறக்கி வாசலில் ஆட்டோவைத் திருப்பும்போது போன் அடித்தது. "தம்பி, வாங்க." அவ்வளவுதான் சொன்னார். பின்னால் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது.

பறந்தேன். சந்திக்கு வெகு முன்னாலேயே ரோட்டில் டயர் எரிந்தது. இந்தப் பக்கம் பொலிஸ் ஜீப் குறுக்கே நின்றது. ஊரடங்கு, திரும்பிப் போ என்றார்கள். முருகன் படத்தை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "மகே அம்மா எஹே இன்னவா" என்று சிங்களத்தில் கெஞ்சினேன், என் அம்மா அங்கே இருக்கிறாள் என்று. பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பொலிஸ்காரர் ஆட்டோவின் கூரையில் பொல்லால் தட்டினார். அதற்குள் நானாவின் போனும் நின்றுவிட்டது. பின்னேரம் இணையத்தையும் வெட்டிவிட்டார்கள்.

கடையும் மாடியும் எரிந்தன. நானாவும் மனைவியும் லாத்தாவைப் போர்வையில் கிடத்தி இழுத்துப் பின்படியால் இறக்கி, வளவுக்குப் பின்னால் ஓடிய கானுக்குள் ஒளிந்திருந்தார்கள். மழை பெய்தது. ஆர்மி வந்து எடுக்கும்வரை லாத்தா தண்ணீரில் கிடந்தார். அதில் நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா ஆனது. நோன்பு பிறப்பதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "ஒன்ட பொண்டாட்டிட சேல எரிஞ்சிட்டு மகன்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கடையைத் திரும்பக் கட்டினார்கள். புதுக் கதவு, புதுக் கதிரை. ஒரு மத்தியானம் நானாவே போனை எடுத்து, "வாறீங்களா தம்பி?" என்றார். ஆடினோம். கதவு கைக்கு வந்த உடனே போட்டார். என் பக்கம் படையே இல்லை. அடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். இப்போதும் தோற்கிறார், கையில் கதவு இல்லாமல். நான் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

போனிலும் கூப்பிடுவார். பள்ளிக்கூடப் பெடியன்கள் மெட்ச் பார்த்துவிட்டு லொறியில் கூவிக்கொண்டு போனால் கூப்பிடுவார். கல்யாண வீட்டில் வெடி போட்டால் கூப்பிடுவார். "தம்பி, வாங்க." சவாரியை விட்டுவிட்டுப் போவேன். ஒன்றும் நடந்திருக்காது, சந்தி சும்மா கிடக்கும். நானாவும் மனைவியும் வாசலில் பையோடு நிற்பார்கள். ஒன்றுமில்லையே நானா என்று நான் சொல்வதில்லை. ஏற்றிக்கொண்டு பன்வில போய், வீட்டில் தேத்தண்ணி குடிக்க வைத்து, பொழுது சாய முன்னால் திரும்பக் கொண்டுவந்து விடுவேன்.

ஆட்டோவின் பின்பக்கம் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. நானா ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொள்வார், மனைவி மறு ஓரத்தில். வளைவுகளில் சாய்ந்தாலும் நடு இடத்துக்கு இருவரும் வரமாட்டார்கள். முதல் தடவை, நடுவுக்குத் தள்ளி இருங்க என்று சொல்லத் திரும்பியவன் சொல்லாமல் முன்னால் பார்த்து ஓட்டினேன். இன்றைக்கும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.