இருபதாவது இடத்தின் பெயர் பெரட்டுக்களம்

சித்தியவானில் என் தங்கை வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் புகைப்படக் குழுவின் வாட்சப்பில் ஒரே வரி: "தவமணி அக்கா இன்னிக்கு விடியக்காலைல தவறிட்டாங்க." தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். தங்கை என்னவென்று கேட்டாள். கைப்பேசியை அவளிடம் நீட்டினேன்.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியெல்லாம் அஞ்சலிகள் வந்துகொண்டே இருந்தன. "அமைதியான ஆன்மா." "யார் மனமும் நோகாமல் வாழ்ந்தவர்." "கோபமே அறியாதவர்." அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன். யாரைப் பற்றி எழுதுகிறார்கள் இவர்கள்? இந்தக் குழுவில் தவமணியிடம் திட்டு வாங்காதவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். இறந்தவரை அன்று மாலைக்குள் சாதுவாக்கிவிடும் இந்த வழக்கம் எனக்கு ஒத்துவரவில்லை. தவமணி கோபக்காரர். ஐம்பத்தொன்பது வயதில், சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும், அவருக்குக் கோபம் மட்டும் குறையவில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவரைத் தெரிந்த நீங்கள் அதை மறந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் அவரிடம் முதலில் போனது வாடிக்கையாளனாக. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றதும் ஒரு கேமரா வாங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ ரயில் நிலையத்தைப் படமெடுத்து, அச்சிடுவதற்காகப் புந்தோங்கில் இருந்த அவருடைய ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனேன். கடப்பிதழ்ப் படமும் கல்யாணப் படமும் எடுக்கும் சின்னக் கடை அது. திரையில் என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கட்டடம் நல்லாத்தான் இருக்குண்ணே. ஆளுங்க எங்க?"

"படம் சுத்தமா வரணும்னு எல்லாரும் போற வரைக்கும் ஒரு மணி நேரம் காத்திருந்தேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஒரு மணி நேரமா? இங்க தண்டவாளம் போட்டவன், கொடி காட்டுனவன், கூட்டிப் பெருக்குனவன்ல பாதிப் பேரு நம்மாளு. அவன தொடச்சு எடுத்துட்டு சுத்தம்னு சொல்றீங்க. அடுத்த வாரம் ஆளுங்களோட எடுத்துட்டு வாங்க. அப்பதான் நல்ல தாளுல போடுவேன்."

காசு கொடுத்து அச்சிட வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது என்று எரிச்சலோடு வெளியே வந்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி ரயில் நிலையத்துக்குப் போனேன்.

ஈப்போவில் படம் எடுக்க நல்ல இடம் எது என்று கேட்டு வருபவர்களுக்குக் குறைவில்லை. இணையத்தில் தேடினால் ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வரும். தவமணி இடம் தேடும் விதம் வேறு. கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அங்கே வேலை செய்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். "வெயிலு எங்க எப்ப விழும்னு தெருக் கூட்டுறவங்ககிட்ட கேளுங்க. நெழலு எங்கன்னு டாக்சிக்காரர்கிட்ட கேளுங்க. போனு சொல்றதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்.

பழைய நகரத்தில் ஒரு நாள். சுவரோவியத்தின் முன் நின்று படமெடுக்க கோலாலம்பூரிலிருந்து வந்த சிலர் வரிசை பிடித்து நின்றார்கள். தவமணி அவர்களை அப்படியே பின்சந்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு சீனத்து அம்மாள் பெரிய தொட்டியில் தவ்கே எனும் முளைப்பயறை அலசிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு எதிர்ச் சுவரில் படும் வெயில் தொட்டித் தண்ணீரில் விழுந்து அவர் முகத்துக்கு ஏறும். தவமணி தமக்குத் தெரிந்த அரைகுறைக் கண்டனீசில் அனுமதி கேட்டார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தலை வாரி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். வந்தவர்களில் ஒருவர், வேலை செய்யும்போது எடுத்தால்தான் இயல்பாக இருக்கும் என்று முணுமுணுத்தார்.

"ஒங்க வீட்டுக் கல்யாணப் படத்துக்கு நீங்க கைலியோட நிப்பீங்களா?" என்று கேட்டார் தவமணி. "அவங்க எப்படி நிக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும் லா."

இப்போது அந்த இருபதாவது இடத்துக்கு வருகிறேன். நகரில் படமெடுக்கச் சிறந்த இருபது இடங்கள் என்று ஒரு சிறு கையேடு போட ஒரு குழு முன்வந்தது. எழுத்து நான், படம் தவமணி என்று பேச்சு. பத்தொன்பது இடங்களில் சிக்கல் இல்லை. இருபதாவதைத் தவமணி தேர்ந்தெடுத்தார். ஊருக்கு வெளியே, சுண்ணாம்பு மலையின் அடியில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயங்கள் இடிபட்டு, சனங்கள் பிளாட்டுகளுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் சிதறிவிட்டார்கள். சிலர் கமுந்திங் தொழிற்சாலைகள் வரைக்கும் போனார்கள். புல் மண்டிய திடல் ஒன்றுதான் மீதி. அது பெரட்டுக்களம். வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு.

தவமணி அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா அங்கே ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர். இது எனக்குத் தெரியும். என் அப்பா அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், வரிசைக்கு முன்னால் நின்று பெயர் கூப்பிட்டவர் என்பதை நான் தவமணியிடம் சொல்லியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் பேனா பிடிக்கும் வேலைதான். என்னைச் சிறுவயதிலேயே ஈப்போவில் படிக்க விட்டுவிட்டார்கள். ஆகவே யாருக்கும் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

படமெடுக்கும் நாளில் பழைய தோட்டத்து ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பட்டுப்புடவை, இஸ்திரி போட்ட சட்டை, சிலர் கைத்தடியோடு. தவமணி திடலில் கொஞ்ச தூரம் நடந்து, ஓரிடத்தில் முக்காலியை ஊன்றினார்.

"இதான் ஒங்கப்பா நின்ன எடம்ணே."

எனக்கு முகம் சுண்டிப்போனது. "எப்பத்திலேருந்து தெரியும்?"

"கடைக்கு வந்த மொத நாளே தெரியும். மூக்கு அப்படியே இருக்கு." முக்காலியின் திருகை இறுக்கிக்கொண்டே பேசினார். "ஊர்லயே இதவிட நல்ல எடம் இல்ல. வெயிலு நம்ம முதுகுப் பக்கம். முன்னாடி நிக்கிறவங்க மூஞ்சி ஒவ்வொண்ணும் தெளிவாத் தெரியும், பின்னாடி மலை. ஆனா பெரட்டு நேரம் கும்மிருட்டு. வெளிச்சம் வர்றப்ப எங்கம்மா மரத்துக்குள்ள இருப்பாங்க. இந்த வெளிச்சத்துல இவங்கள இங்க நிக்க வச்சு எவனும் பாத்ததில்ல. இன்னைக்கு நான் பாக்குறேன்."

பிறகு என்னை வரிசையில் போய் நிற்கச் சொன்னார். நானா என்று தயங்கினேன். "பேனா வச்சிருந்தவரு புள்ளையும் ஒரு நாளைக்கு நிக்கட்டும், போங்கண்ணே" என்றார். மாரியப்பன் என்ற வயதான தொழிலாளி தள்ளி நின்று இடம் கொடுத்தார். "லேட்டு லா. லேட்டா வந்தா தொரை திருப்பி அனுப்பிருவாரு" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. ஏழே கால் மணிக்கு வெயில் நேராக என் கண்ணில் குத்தியது. தவமணி அவசரப்படாமல் எடுத்தார்.

திரும்பும்போது எங்கள் குழுவில் ஒருவர் அந்தக் காலம் அந்தக் காலம்தான் என்று பெருமூச்சு விட்டார். தவமணி வண்டியை ஓரம் கட்டாத குறைதான். "என்னா அந்தக் காலம்? அட்டக்கடி, மழை பேஞ்சா வேலை இல்ல, வேலை இல்லன்னா அடுப்பு இல்ல. ஏங்கறதுக்கு ஒரு மண்ணும் இல்ல. நாங்க அங்க நின்னோம்னு தெரியணும். அவ்ளோதான் வேணும்."

கையேட்டுக் குழுவின் தலைவர் நம்மவர்தான், மரியாதை தெரிந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். "ஆனா வர்றவங்க மலையத்தான பாக்க வர்றாங்க? ஆளுங்கள வெட்டிட்டு மலைய மட்டும் போட்டுக்கலாம். பேரும் பாருங்க, பெரட்டுக்களம்னா யாருக்குப் புரியும்? மலைக்காட்சி முனைன்னு வச்சிக்கலாம்."

"புரியலன்னா கேப்பாங்க. கேக்கட்டும். அதுக்குத்தான் அந்தப் பேரு" என்றார் தவமணி.

அப்போது நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். "எடமாவது புத்தகத்துல வரட்டுமே தவமணி. பேர அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். தலைவர் பக்கம் திரும்பி, "இருபதுல இது இல்லன்னா மத்த பத்தொம்பதும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எழுந்து அவர் பின்னால் போகவில்லை.

கையேடு வேறொருவர் எடுத்த படங்களோடு வெளிவந்தது. எழுத்து என்னுடையது. கடைசிப் பக்கத்தில் மலைக்காட்சி முனை, ஆளில்லாத மலை. புத்தி கெட்டுப்போய் ஒரு பிரதியை அவரிடமே கொண்டு போய்க் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "எழுத்து நல்லா இருக்குண்ணே" என்றார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "படம் எடுத்தவன் எங்க நின்னிருக்கான்னு பாருங்க. சரியா ஒங்கப்பா எடம். முன்னாடி வரிசையத்தான் காணோம்."

என்னோடு பேச்சை நிறுத்தவில்லை அவர். மாறாக, மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கையேட்டோடு வரும் பயணிகளுக்காக அந்தத் திடலில் போய் நிற்பார். வருபவர்களை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து, இது என்ன இடம் என்று சொல்லுவார். சில மாதங்களில் திடலைச் சுற்றி வேலி வந்தது, வாசலில் ஜாகாவும் வந்தார். உள்ளே விட மாட்டேன் என்றார் அந்தக் காவலர். "வெளிய நிக்கலாம்ல?" என்று மலாயில் கேட்டார் தவமணி. சாலை யாருக்கும் சொந்தமில்லை என்றார் ஜாகா. அன்றிலிருந்து வரிசை வேலிக்கு வெளியே நின்றது.

தவமணிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு திடலுக்குப் போக முடியவில்லை. ஒரு நாள் பார்க்கப் போனபோது, ஒரு கையில் குழாய் ஓட, மறு கையால் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். இணைய வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர் போடுவாராம். யாரோ எடுத்துவிடுவார்களாம். மறுபடி போடுவாராம்.

"இன்னைக்கு நாலாவது தடவைண்ணே."

"ஒடம்பு இருக்கிற நெலைல இது தேவையா?"

"இங்க நாலு மணி நேரம் சும்மாதான கெடக்குறேன். எடுக்கிறவனுக்கும் வேற வேலை இருக்கும்ல? யாரு மொதல்ல சலிக்கிறாங்கன்னு பாப்போம்."

அவர் சலிக்கவில்லை. இதை எழுதும் இந்த நிமிடம் வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. கடைசி முறை போட்டது அவர்தான்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் கையேட்டுக் குழுத் தலைவர் என்னை அழைத்தார். கையேட்டின் இரண்டாம் பதிப்பு வருகிறதாம். முதல் பக்கத்தில் தவமணிக்குச் சமர்ப்பணம் என்று போட்டு, அவர் படமும் போடப் போகிறார்களாம். நான் நாலு வரி எழுத வேண்டுமாம்.

"இருபதாவது இடம்?" என்று கேட்டேன்.

"அது அப்படியே இருக்கட்டும் சார். இப்பப் போய் அத எதுக்குக் கிளறிக்கிட்டு?"

"அப்ப முடியாது."

"நாலு வரிதான சார்?"

"நாலு வரி மட்டும் இல்ல. புத்தகத்துல இருக்கிற என் எழுத்து ஒண்ணையும் போட முடியாது. பெரட்டுக்களம்னு பேரும், ஆளுங்க நிக்கிற அந்தப் படமும் வரட்டும். எல்லாம் தரேன்."

தவமணியின் படங்கள் அவருடைய தம்பியிடம் இருக்கின்றன. அவரும் இதையே சொல்லிவிட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். முடியாது. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய சொல். அறுபத்தெட்டு வயதுவரை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. சொன்னபோது குரல் நடுங்கியது, தலைவருக்கும் கேட்டிருக்கும். மனம் மாறியிருக்குமா என்று பார்க்க மறுநாளும் அழைத்தார். இரண்டாம் முறை நடுங்கவில்லை.