கீழ்பென்னாத்தூர் வளைவும் அண்ணனின் இரண்டு கைகளும்

எங்கள் அண்ணன் அடி அண்ணாமலை கிராமத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் மூன்றாவது. ஐவரில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம் என்பதால், அவருடைய ஆண்டு நினைவுக்கு இதை எழுதும் கடமை எனக்கு வந்திருக்கிறது.

அப்பா இறந்ததும் அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு லாரியில் கிளீனராகப் போனார். அதனால்தான் நான் ஆசிரியர் பயிற்சி வரை படித்தேன். பிறகு திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவரானார். ஒன்பது பஸ் கொண்ட கம்பெனி. பத்தொன்பது வருடம் ஒரு கோழியைக்கூட அவர் அடித்ததில்லை.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பஸ்களில் அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு வளைவில் சாமியாகவே கும்பிடும் அண்ணாமலை முழுதாகத் தெரியும். பயணிகள் எல்லோரும் கும்பிடுவார்கள். டிரைவரும் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிடுவார். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன், மூன்று விநாடி.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாலை, நான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் சாலையிலேயே கண்ணாக இருந்தார்.

“மலை தெரியுதுண்ணா, கும்புடு” என்று சொன்னவன் நான்.

அவர் கை எடுத்தார். மூன்றாவது விநாடியில், ஓரமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு விவசாயி சக்கரத்தின் கீழே கிடந்தார்.

“யாருனா பேச்சு குடுத்தாங்களா?” என்று விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டு கேட்டார்.

“யாரும் இல்லைங்க. எடுத்தது என் கை.”

நான் நாலடி தள்ளி வாய் திறவாமல் நின்றேன். அண்ணனின் அலட்சியம் என்றுதான் உறவினர் பலரும் இத்தனை வருடம் பேசினீர்கள். அவர் இருக்கும்போதே இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் அந்த விவசாயியின் வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “மலை எங்கயும் போயிடாதேய்யா. வண்டிய நிறுத்திட்டு எறங்கிக் கும்புட்டிருக்கக் கூடாதா?”

அதன்பின் அண்ணன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. முதலாளி ஷெட்டில் டைம் கீப்பர் வேலை கொடுத்தார். தினமும் முதல் டிரிப் கிளம்புமுன் அண்ணன் டிரைவர்களை நிறுத்தி, தன் விபத்தை ஒன்றும் மறைக்காமல் சொல்வார். ஒன்றைத் தவிர, அது நான். பிறகு, “நேத்து யாரு கை எடுத்தீங்க? சொன்னா திட்டு இல்ல, மறைச்சாதான் திட்டு” என்பார். டிரைவருக்கும் சேர்த்துக் கண்டக்டர் கும்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

“இன்னாண்ணே, புண்ணியம் பூரா கண்டக்டருக்கே போயிடுமே!” என்றார் ஒரு டிரைவர்.

“டிக்கெட் கிழிக்கிறவன்தானே? உன் பங்கையும் கிழிச்சுக் குடுப்பான், போ.”

சிரித்தார்கள். நாத்திகன் என்றும் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். ஒன்பது டிரைவர்களில் ஏழு பேர் கேட்டார்கள். கேட்காத இருவரில் ஒருவர் அதே வளைவில் பாலத்தில் மோதிக் கால் இழந்தார். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. “நான் சரியாச் சொல்லலடா” என்றார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

சென்ற ஆண்டு ஈரலில் கட்டி வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று நாள் கிடந்து உயிர் விட்டார். உடலை வேனில் ஊருக்குக் கொண்டுவந்தோம். முன் சீட்டில் நான். அந்த வளைவு வந்ததும் பழக்கதோஷத்தில் என் வாய் திறந்துகொண்டது.

“மலை தெரியுது.”

டிரைவர் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. அண்ணனை அறியாதவர். அவர் தலை திரும்பவில்லை, கையும் நகரவில்லை.

“எனக்கும் சேத்து நீங்களே கும்புட்டுக்குங்க சார். மலை எங்கயும் போயிடாது.”

“இதை யார் சொல்லிக்குடுத்தா?”

“யாரும் இல்ல சார். எங்க லைன்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

எனக்குக் கை எழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். வளைவு முடிந்துவிட்டது.

அந்த இருபத்துமூன்று நாளும் துணையிருந்த மருமகப்பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்த ஷெட் டிரைவர்களுக்கும், இறுதிச் சடங்குக்குத் தம் மகனோடு வந்து நின்ற அந்த விவசாயியின் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆண்டு நினைவுக்கு வந்து செஞ்சிப் பக்கம் திரும்பிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மறுமுறை இந்த வழியாக வரும்போது, அந்த வளைவில் டிரைவரிடம் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.