அப்பாவின் பல்

ஏழு வயதில், மட்டாஞ்சேரியில் என்னைத் தெரியாதவர்கள்கூட நான் யார் மகள் என்று சொல்லிவிடுவார்கள். புதிதாக முளைத்த முன்பல் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும், அப்பாவுக்கு நிற்பதுபோலவே. "நம்ம குடும்பத்துப் பல்லாக்கும் இது" என்று அத்தை தெருவெல்லாம் சொல்லுவாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் அப்பாவுக்கு வேலை. சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வார். அது ஒரு தோரணை என்று நினைத்து நானும் மறைத்துக்கொள்வேன். சிரிக்காத நேரமெல்லாம் கட்டைவிரல் என் வாயில் இருக்கும். பிள்ளை அழாமல் இருக்கிறதே என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பல் முகாம் வைத்து, பெற்றோரையும் வரச்சொன்னார்கள். டாக்டரம்மா என் பல்லைப் பார்த்தார். பிறகு ஊறி வெளுத்திருந்த விரலைப் பார்த்தார்.

"மோள் விரல் குடிக்குமோ?" விரல் சூப்புவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மா முந்திக்கொண்டு, "அதனால இல்ல டாக்டரே, இது அவ அப்பா பல்லு. பரம்பரை" என்றாள்.

அப்பா தரையைப் பார்த்தார். "நானும் குடிச்சிருக்கேன். ஏழாங்கிளாஸ் வரைக்கும்" என்றார்.

அத்தையின் பரம்பரை அதோடு முடிந்தது. இப்போதே விரலை விட்டால் பல் தானாகவே உள்ளே வர வாய்ப்புண்டு என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து அழுதேன். விரலுக்காக அல்ல. பல் உள்ளே போனால் நான் அப்பா மாதிரி இருக்கமாட்டேனே! அதை அப்பாவிடமே சொன்னேன். அம்மா என் விரலில் தடவ வேப்பெண்ணெய் தேடிக்கொண்டிருக்க, அவர் என் பக்கத்தில் வந்து படுத்தார். "விரல் வேணும்னா என்னோடதைப் பிடிச்சுக்கோ." சுக்கு மணக்கும் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன். அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான். நடுவில் சில நாள் திருட்டுத்தனமாகக் குடித்ததுண்டு. பிறகு எனக்கே மறந்துபோனது.

இரண்டு வருடம் கழித்து, பல் உள்ளே வந்துவிட்டிருந்தும், ஆண்டுவிழாவில் படம் எடுக்கும்போது பழக்கத்தில் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். அப்பா அதைப் பிடித்து இறக்கினார்.

"பல்லு தெரியச் சிரி."

அந்தப் படத்தைக் கிடங்கில் எல்லாரிடமும் காட்டினார். "பாருங்க சேட்டா, எம்மக பல்லு! என்னோடது மாதிரி இல்லவே இல்ல!"

பக்கத்தில் நின்ற எனக்குக் கோபமாக வந்தது. மகள் தன்னைப்போல இல்லை என்பதில் ஒருவருக்கு இத்தனை பெருமையா? அந்தச் சாயலை அவர் எத்தனை வருடம் கையால் மூடிக்கொண்டே திரிந்தார் என்று அன்று எனக்குத் தெரியாது.