இன்ஜினியர் வீட்டுப் பூசணம்

முப்பது வருஷப் பெயிண்ட் கான்ட்ராக்டில் தூத்துக்குடியில் நான் கால் வைக்காத தெரு இல்லை. ஒரே சுவருக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்தது ஒரு வீட்டில்தான். இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். சர்வீஸில் பாலம் கட்டியவர். மழைக்காலம் முடிந்த கையோடு கூப்பிட்டார். படுக்கையறைப் பீரோவை நகர்த்தினால், பின்சுவர் இடுப்புயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சார் காரணம் சொல்லிவிட்டார்: கடற்காற்று. அவர் மனைவி ரோஸ்லின் அக்கா, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறது, பைப் கசியுதோ என்னவோ என்றார்.

"நான் நின்னு போட்ட லைன் அது," என்றார் சார். பேச்சு அத்துடன் முடிந்தது. நானும் சார் பக்கமே தலையாட்டினேன். சுரண்டி, மருந்து அடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டு வந்தேன்.

நாலே மாதத்தில் மறுபடி கறுப்பு. இந்த முறை காரணம், அக்கா ஈரத்துணியை ஃபேனுக்கு அடியில் காயப்போட்டது. துணி மாடிக்குப் போனது. நான் ஒசத்தியான பெயிண்டைச் சிபாரிசு செய்தேன். பூசணம் பிடிக்காது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. பூசணத்துக்குப் படிக்கத் தெரியாது போல. மூன்றாவது முறை, சோறு வடிக்கிற ஆவி என்றார். அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டு அதே சுவருக்கு மறுபடி அடித்தேன். ஆக, குற்றவாளிகள் இரண்டு பேர்தான்: கடலும் அக்காவும். அதற்குள் அவருடைய கல்யாணப் பட்டில் பச்சைப் புள்ளி விழுந்திருந்தது. அக்காவுக்கு மூச்சிழுப்பு வந்து, ஹாலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் அக்காவே போன் செய்தார். சார் ஒரு விசேஷத்துக்காக விளாத்திகுளம் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் கிளம்பிய அன்றே அக்கா அந்தப் பாத்ரூம் வால்வை அடைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் குளித்திருக்கிறார். தினமும் சுவரில் ஈரம் நிற்கிற உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. போய்ப் பார்த்தேன். ஏழு கோடுகள், ஒவ்வொன்றும் முந்தியதற்குக் கீழே.

"அவுக நாளைக்கு வாராக அண்ணாச்சி. இன்னைக்கே உடைங்க. நான் பார்த்துக்கிடுதேன்."

உடைத்தேன். பைப் திரும்புகிற முனையில் எல்போ மாட்டிய இடத்தில், கசியாமலிருக்கச் சுற்றுகிற டேப்பே சுற்றவில்லை. வால்வைத் திறந்ததும் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"ரெண்டு வருஷ இழுப்பு இதாலதானா," என்று மட்டும் கேட்டார் அக்கா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் சார் ஓட்டையைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார். "நான் அப்பமே பைப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றார். எல்போவை மாற்றினேன். சுவர் காயும்வரை ரெண்டு மாதம் மூடக்கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார் என்றார் அக்கா. நான் அப்படிச் சொல்லவேயில்லை. ஆனாலும் ஆமாம் என்றேன். அந்த ரெண்டு மாதமும் வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் உள்ளே கூட்டிப்போய், ஓட்டையைக் காட்டி, விளக்கம் சொல்லச் சாரைக் கூப்பிட்டாராம். சுவரும் காய்ந்தது, இழுப்பும் குறைந்தது.

இதில் பெரிய மடையன் நான்தான். சாருக்காவது தன் வேலையில் தப்பை ஒத்துக்கொள்ள மனமில்லை. எனக்கு என்ன வந்தது? இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், வீட்டுக்காரர் காரணம் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாக நிற்பேன். பிறகு, அந்த அறையைப் பெருக்கித் துடைக்கிறது யார் என்று கேட்பேன். அவரிடம் பேசாமல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை.